சுண்ணாம்புப் புள்ளி

கணக்கைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. காலேஜில் நான் கழித்தது இரண்டே வருஷம். இரண்டாவது வருஷக் கடைசியில் கணிதப் பரீட்சைக்கும் எனக்கும் ஒரு சிறு கைகலப்பு நடந்தது. ஜெயித்தது கணிதம். அதற்குப் பிறகுதான் நான் கதை எழுதப் போனேன். கதையில் ஒன்றும் ஒன்றும் சில சமயம் மூன்றாகும்; சில சமயம் ஒன்றுமே மிஞ்சாது; அதற்காக யாரும் மார்க்கைக் குறைப்பதில்லை.

அப்படிப்பட்டவன் இந்த ஒரு மாத காலமாக ஒரு வளைந்த கோட்டைப் பற்றியே நினைத்துக் கொண்டிருக்கிறேன். சாப்பிடும்போது தட்டை நிறுத்தி வைத்து உருட்டப் பார்க்கிறேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கெல்லாம் காரணம் ஒரு போட்டோ.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் அவளுடைய பெரியப்பா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். ஒரு சாயங்கால வேளையில் பெரியப்பா சைக்கிளில் தெருவைக் கடந்து போவதைச் செல்போனில் படம் பிடித்திருக்கிறாள். வெளிச்சம் குறைவு. படம் சற்றுக் கலைந்து போயிருந்தது. பெரியப்பாவின் முகம் தெரியவில்லை. சட்டை காற்றில் கரைந்ததுபோல் இருந்தது. "இதை அழித்துவிடேன்" என்றேன்.

"இல்லைப்பா, சக்கரத்தைப் பாருப்பா" என்றாள்.

பார்த்தேன். சக்கரத்தின் மேல் பாதியில் கம்பிகளே இல்லை; வெறும் சாம்பல் நிறப் புகை. கீழே வர வரக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. தரைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் எண்ணிவிடலாம்போல் துல்லியமாக இருந்தது. டயரில் ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது.

"ஒரே சக்கரம்தானே? மேலே ஏன் கலைந்திருக்கிறது, கீழே ஏன் தெளிவாக இருக்கிறது?" என்று கேட்டாள்.

அப்பாக்கள் இம்மாதிரி சமயங்களில் செய்வதையே நானும் செய்தேன். "எனக்கு இப்போது வேலை இருக்கிறது, ராத்திரி சொல்கிறேன்" என்றேன். ராத்திரிக்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தில் ஆணியால் ஒரு துளை போட்டு, அதில் பென்சிலைச் செருகி, ஒரு ஸ்கேலை ஒட்டினாற்போல் அந்த மூடியைக் காகிதத்தின்மேல் உருட்டினாள். மூடி நேராகத்தான் போயிற்று. பென்சில் மட்டும் மேலே எழுந்து, வளைந்து, கீழே இறங்கி, மறுபடி எழுந்து ஒரு கோடு போட்டது. ரயில் பாலத்து வளைவுகளை வரிசையாக வைத்தாற்போல் ஒரு கோலம். ஒவ்வொரு வளைவும் மேலே பருத்து அகன்றிருந்தது. இரண்டு வளைவுகள் சேருகிற இடத்தில் மட்டும் முள் மாதிரி ஒரு கூர்மை.

இந்தக் கோட்டுக்குச் 'சைக்ளாய்டு' என்று பெயர். வட்டம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் சைக்கிளும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். தெருவில் ஓடும் ஒவ்வொரு சக்கரமும், வண்டியானாலும் சரி, லாரியானாலும் சரி, கண்ணுக்குத் தெரியாமல் இந்தக் கோட்டை எழுதிக்கொண்டே போகிறது. மாட்டு வண்டிக் காலத்திலிருந்து நம் வாசலில் எழுதப்பட்டு வருகிற கோலம். நாம்தான் பார்த்ததில்லை.

கோட்டின் கணக்கு வெகு அழகானது. ஊரில் ஓடும் பழைய பெரிய சைக்கிளின் சக்கரம், டயரோடு சேர்த்து 28 அங்குலக் குறுக்களவு. பள்ளிக்கூடத்தில் படித்த 22/7-ஐ வைத்துப் பெருக்கினால், ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 88 அங்குலம் முன்னே போகிறது. ஆனால் டயரில் ஒட்டிய ஒரு மண் துணுக்கு அந்த ஒரு சுற்றில் பிரயாணம் செய்வது 112 அங்குலம். சரியாகக் குறுக்களவைப்போல் நாலு மடங்கு. அந்த வளைவுக்கும் தரைக்கும் நடுவே அடைபட்ட பரப்பு, சக்கரத்தின் பரப்பைப்போல் சரியாக மூன்று மடங்கு. மூன்றரையும் இல்லை, மூன்றே முக்காலும் இல்லை. வட்டத்தைத் தொட்டாலே வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த 22/7 என்கிற தொந்தரவு, இந்த இரண்டு விடைகளிலும் தலையைக் காட்டுவதில்லை. எனக்குக் கணிதம் போதித்தவர்கள் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இன்னும் ஒரு வருஷமாவது காலேஜில் இருந்திருப்பேன்.

போட்டோவின் ரகசியமும் இதற்குள்ளேதான் இருக்கிறது. சக்கரத்து ஓரத்தில் உள்ள புள்ளிக்கு ஒரே சமயத்தில் இரண்டு பிரயாணங்கள். வண்டியோடு சேர்ந்து முன்னே போவது ஒன்று. அச்சைச் சுற்றி வருவது இன்னொன்று. உச்சியில் இருக்கும்போது இரண்டும் ஒரே திசை. ஆகவே அங்கே அது வண்டியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கிறது. அடிக்கு வரும்போது ஒன்று முன்னே தள்ளுகிறது, மற்றது அதே வேகத்தில் பின்னே இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். தரையைத் தொடும் அந்தக் கணத்தில் புள்ளி நிற்கிறது. வண்டி எத்தனை வேகத்தில் போனாலும் சரி, தரையைத் தொடுகிற இடம் நிற்கிறது. கோட்டில் முள்போல் இருந்த கூர்மை, அது நின்ற இடத்தின் அடையாளம்தான். நிற்பதால்தான் போட்டோவில் தெளிவாக விழுகிறது.

"தரையைத் தொடற எடம் நிக்குதுப்பா!" என்று மகள் உற்சாகமாகக் கத்தினாள்.

எனக்கு உற்சாகம் வரவில்லை. வயிற்றில் என்னவோ செய்தது. இதே வார்த்தைகளை நான் முன்பு ஒரு முறை கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் தகப்பனார் காலமானபோது எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பதினாலு. எட்டாம் வகுப்போடு அண்ணனின் புஸ்தகப் பை பரணுக்குப் போயிற்று. கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதலில் பஞ்சர் ஒட்டினார். பிறகு சக்கரத்துக்குப் பெண்டு எடுக்கக் கற்றுக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தை முடிக்கிற சமயத்தில் சொந்தமாக ஒரு கடையும், வாடகைக்கு விட எட்டு சைக்கிள்களும் வைத்திருந்தார். அந்த எட்டு சைக்கிள்கள்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பின. ஜில்லாத் தலைநகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன்.

அதுவரை அண்ணனுக்கும் எனக்கும் இடையே ஒரு வழக்கம் இருந்தது. கடையைச் சாத்துகிற நேரத்துக்கு நான் போவேன். கதவுப் பலகைகளை எடுத்து மாட்டிக்கொண்டே அண்ணன் அன்றைக்குத் தான் கவனித்த விஷயங்களைச் சொல்வார். மிதிக்காமல் விட்டால் ஃப்ரீவீலில் ஏன் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, அத்தனை மெல்லிய கம்பிகள் எப்படி இரண்டு ஆள் பாரத்தைத் தாங்குகின்றன, இவையெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தன. அவர் புஸ்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கையால் தொட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னார்.

காலேஜில் சேர்ந்த முதல் வருஷத் தீபாவளி விடுமுறையில் வந்திருந்தேன். புதிதாகக் காலேஜில் சேர்ந்த பிள்ளை ஊருக்கு வந்தால் எப்படி இருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். கடை பெஞ்சியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலைந்து பேர் இருந்தார்கள். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் டயர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது.

"வாங்கி மூணு மாசம் ஆகலை. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் அவர்.

அண்ணன் டயரைத் தடவிப் பார்த்தார். "கம்பெனி மேல தப்பில்லை சார். எங்கேயோ பின் பிரேக்கை ஒரேயடியாப் பிடிச்சு நீளமா இழுத்திருக்கீங்க. சுத்தற சக்கரம் இப்படித் தேயாது. தரையைத் தொடற எடம் அந்த நேரத்துக்கு நிக்கும். நின்னு, எழுந்து, அப்புறம்தான் போகும். சுத்தாமப் பூட்டிக்கிட்டாத்தான் தரையில இழுபடும்" என்றார்.

நான் பெஞ்சியிலிருந்து சிரித்தேன். "சைக்கிள் பத்து மைல் வேகத்துல போவுது. சக்கரமும் அதே வேகத்துலதான் போவுது. அதுல ஒரு எடம் மட்டும் எப்படி அண்ணே நிக்கும்? நின்னா சைக்கிளும் இல்ல நிக்கணும்?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குத்தான் நாலு எழுத்துப் படிச்சிருக்கணும்கிறது" என்றேன்.

பெஞ்சியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாலுகா ஆபீஸ்காரர்தான் அதிகமாகச் சிரித்தார்; டயரின் குற்றம் திரும்பக் கம்பெனியின் தலைக்கே போய்விட்டதல்லவா?

அண்ணன் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அப்படியா தம்பி?" என்றார். பக்கத்தில் இருந்த டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் மாதா மாதம் முதல் வாரத்தில் மணியார்டர் தவறாமல் வந்தது. லீவில் ஊருக்குப் போனால், "சாப்பிட்டியா? பணம் போதுமா?" என்று விசாரிப்பார். ஆனால் கதவுப் பலகை மாட்டும்போது ஒன்றும் சொல்லமாட்டார். பரீட்சையில் தோற்றுப் பெட்டியோடு நான் திரும்பி வந்தபோதும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'நாலு எழுத்துப் படித்தவன்தானே நீ?' என்று திருப்பிக் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

நாளடைவில் நானும் அதை மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மறந்ததுபோல் வைத்துக்கொண்டேன். என் தரப்பில் ஒரு சமாதானம் இருந்தது: நான் சொன்ன விதம்தான் தப்பு, விஷயம் சரி என்பது. ஹார்லிக்ஸ் மூடி அந்தச் சமாதானத்தையும் பிடுங்கிக்கொண்டு விட்டது. விஷயமும் தப்பு. எட்டாம் வகுப்புப் படித்தவர் சொன்னது சரி. காலேஜில் படித்தவன் சிரித்தது தப்பு.

குற்றவாளிக்குத் தன்னைப்போல் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கத் தோன்றும். நான் சைக்ளாய்டின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். தேடியது வீண் போகவில்லை. இந்தக் கோட்டுக்கு 'ஜியோமிதியின் ஹெலன்' என்றே ஒரு பட்டப் பெயர் இருக்கிறது. டிராய் நகரத்து ஹெலனுக்காக அரசர்கள் சண்டையிட்டாற்போல் இந்தக் கோட்டுக்காகக் கணித மேதைகள் சண்டையிட்டார்களாம்.

இதற்குப் பெயர் வைத்தவர் கலிலியோ. வளைவின் பரப்பு எவ்வளவு என்று கணக்குப் போட அவருக்கு வழி தெரியவில்லை. ஆகவே உலோகத் தகட்டில் வளைவையும் வட்டத்தையும் வெட்டி எடுத்துத் தராசில் போட்டு நிறுத்துப் பார்த்தார். ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. எங்கள் அண்ணன் செய்திருக்கக்கூடிய காரியம்! அது சரியாக மூன்று மடங்குதான் என்று 1634-இல் நிரூபித்தவர் பாரிஸில் இருந்த ரோபர்வால் என்கிற பேராசிரியர். அவர் அதை வெளியில் சொல்லவில்லை. அவர் வகித்த பதவிக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போட்டிப் பரீட்சை உண்டு. கேள்விகளைப் போடுவதும் பதவியில் இருப்பவர்தான். கையில் நாலு ரகசியங்களை வைத்துக்கொண்டால்தான் வேலை நிலைக்கும்! 1644-இல் இத்தாலியில் டாரிசெல்லி அதே விடையைப் புஸ்தகத்தில் போட்டுவிட்டார். 'திருட்டு!' என்று ரோபர்வால் கூச்சலிட்டார்.

பாஸ்கல் என்கிற மேதையின் கதை வேறு விதம். கணிதத்தையே விட்டுவிட்டுப் பக்தி மார்க்கத்தில் இறங்கியிருந்தவர். 1658-இல் ஒரு ராத்திரி பொறுக்க முடியாத பல்வலி. வலியை மறக்க இந்தக் கோட்டைப் பற்றி நினைக்க ஆரம்பித்தாராம். நினைக்க நினைக்க வலி போய்விட்டது. கடவுளே உத்தரவு கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, புனைபெயரில் ஒரு பரிசுப் போட்டியே நடத்தினார். வளைவின் நீளம் குறுக்களவைப்போல் நாலு மடங்கு என்று அதே வருஷம் கண்டுபிடித்தவர் கிறிஸ்டபர் ரென். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய சிற்பி அவர்தான்.

அடுத்த வருஷம், 1659-இல், ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் ஓர் அதிசயத்தைக் கண்டார். சைக்ளாய்டு வளைவைக் கவிழ்த்து ஒரு பள்ளம்போல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பிலிருந்து ஒரு குண்டை வழுக்க விடுங்கள். பாதி உயரத்திலிருந்து இன்னொன்றை விடுங்கள். உராய்வு இல்லாவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் அடியை வந்தடையும். எத்தனை உயரத்திலிருந்து புறப்பட்டாலும் இறங்குகிற நேரம் ஒன்றுதான். இதை வைத்து அவர் கடிகாரத்தின் பெண்டுலத்தைச் சரியான நேரத்துக்கு ஆடவைக்கப் பார்த்தார். ஹெர்மன் மெல்வில் என்ற அமெரிக்க நாவலாசிரியருக்கும் இந்தச் செய்தி பிடித்திருக்க வேண்டும். 1851-இல் வந்த 'மோபி டிக்' நாவலில், திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சும் கொப்பரைக்குள் உட்கார்ந்து அதைத் தேய்க்கும்போது கதை சொல்பவனுக்கு இந்த உண்மை மனத்தில் படுவதாக ஓர் இடம் இருக்கிறது. நாவலாசிரியர்களுக்கும் கணிதத்தில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

நான் தேடிய ஆள் இவர்களுக்கெல்லாம் பின்னால் வந்தார். அவர் ஒருவரல்ல, இருவர். அண்ணன் தம்பிகள்.

சுவிட்சர்லாந்தில் பேசல் நகரத்தில் பெர்னூலி என்று ஒரு குடும்பம். மூத்தவர் ஜேக்கப், இளையவர் ஜோஹான். பன்னிரண்டு வயது வித்தியாசம். தம்பியை வைத்தியம் படிக்கச் சொல்லித் தகப்பனார் அனுப்பினார். தம்பிக்கோ கணிதத்தில் ஆசை. அண்ணன்தான் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். சில வருஷத்தில் தம்பி அண்ணனுக்குச் சமமாக வந்துவிட்டார். சமமாக வந்ததோடு நிற்காமல் அதை ஊரறியச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். 'சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிற பையன்' என்று அண்ணனும் பதிலுக்குச் சொன்னார்.

1696-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஜோஹான் ஒரு பத்திரிகையில் உலகத்துக் கணித மேதைகளுக்கெல்லாம் சவால் விட்டார். உயரத்தில் ஒரு புள்ளி; பக்கவாட்டில் தள்ளிக் கீழே இன்னொரு புள்ளி. மேலிருந்து கீழே ஒரு மணியை வழுக்க விட வேண்டும். எந்தப் பாதையில் விட்டால் மிக விரைவாக வந்து சேரும்? நேர்கோடு என்று நீங்களும் நானும் சொல்லுவோம். வட்டத்தின் வில் என்று கலிலியோவே நினைத்திருந்தார். சரியான விடை சைக்ளாய்டு. முதலில் செங்குத்தாக விழுந்து வேகத்தைச் சம்பாதித்துக்கொண்டு, பிறகு அந்த வேகத்தைச் செலவழித்துப் பக்கவாட்டில் போவதுதான் லாபம்.

நியூட்டனுக்கு இந்தச் சவால் 1697 ஜனவரியில் கிடைத்தது. நாணயச் சாலை வேலையை முடித்துக்கொண்டு களைத்து வீடு திரும்பியவர், விடிய நாலு மணிக்குள் விடை கண்டு, பெயரைப் போடாமல் அனுப்பி வைத்தார். லைப்னிட்சும் லோபிதாலும் விடை அனுப்பினார்கள். அண்ணன் ஜேக்கபும் அனுப்பினார். தம்பியின் வழி, வெளிச்சம் வளைந்து போகும் விதத்தை வைத்துக் கண்டுபிடித்த குறுக்கு வழி. படிக்கவே மனோகரமாக இருக்கும். அண்ணனின் வழி நீளமானது, கஷ்டமானது. ஆனால் அதிலிருந்துதான் பிற்காலத்தில் ஆய்லரும் லாக்ராஞ்சும் ஒரு புதிய கணிதத் துறையையே வளர்த்தார்கள்.

அண்ணன் பதிலுக்கு இன்னும் கடினமான கணக்கு ஒன்றைப் போட்டுத் தம்பியைக் கேட்டார். தம்பி அவசர அவசரமாக விடை சொன்னார். அது தப்பு. அண்ணன் அதை அச்சில் போட்டுக் காட்டினார். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. வருஷங்கள் ஓடின. 1705-இல், தம்பி வெளியூரிலிருந்து பேசலுக்கு வந்துகொண்டிருந்தபோது, வழியில் அவருக்கு அண்ணன் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. அண்ணன் வகித்த பேராசிரியர் நாற்காலி தம்பிக்கு வந்தது. அந்தக் கணக்குக்கு, அண்ணன் காட்டிய வழியையே தழுவி, ஒழுங்கான விடையைத் தம்பி வெளியிட்டது 1718-இல். அண்ணன் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடினேன். மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன்.

ரயிலிலும் அந்தக் கோடு என்னை விடவில்லை. ரயில் சக்கரம் தண்டவாளத்தை விட்டு நழுவாமலிருக்க, உட்புறம் விளிம்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த விளிம்பு தண்டவாளத்தின் மேல் மட்டத்துக்கும் கீழே இறங்கி ஓடுகிறது. ஆகவே அதன் அடிப்பாகம் நிற்பதோடு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பின்னாலேயே போய்விட்டுத் திரும்புகிறது. எத்தனை வேகமான எக்ஸ்பிரஸ் ஆனாலும், அதன் சக்கரங்களில் ஏதோ ஒரு பகுதி எப்போதும் புறப்பட்ட ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மகள் பக்கத்தில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாள்.

அண்ணனுடைய கடை இப்போது வீட்டு வாசல் திண்ணைக்கே வந்துவிட்டது. வாடகை சைக்கிள்களுக்கு யாரும் வருவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களும், மோட்டார் சைக்கிளுக்கு மாற மனமில்லாத சில பெரியவர்களின் சைக்கிள்களும் வருகின்றன. சாயங்காலம் நாங்கள் போனபோது அவர் ஒரு சக்கரத்தைத் தலைகீழாகச் சுழல விட்டுப் பெண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. என்ன திடீர்னு? சாப்பிட்டியா?" என்றார்.

காபி வந்தது. மகள் அண்ணியோடு உள்ளே போய்விட்டாள். ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு வாக்கியம் எனக்கு வரவில்லை. கடைசியில் எப்படியோ ஆரம்பித்தேன்.

"அண்ணே, முன்னே ஒரு தடவை தாலுகா ஆபீஸ்காரர் ஒருத்தர் டயர் கொண்டு வந்தாரே... தரையைத் தொடற எடம் நிக்கும்னு சொன்னீங்களே..."

அவர் சுழலும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "ஆமா. தீபாவளிக்கு மறுநாள்" என்றார்.

அவருக்கு நாள்கூட ஞாபகம் இருந்தது. எனக்கு அதற்கு மேல் பேச்சு எழவில்லை. "நீங்க சொன்னதுதான் சரி. நான் சிரிச்சது தப்பு" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமே!" என்றார் அண்ணன், வெகு சாதாரணமாக.

"எப்படி?"

"அன்னைக்கு ராத்திரியே உருட்டிப் பாத்துட்டேனே. நீ காலேஜ்ல படிக்கிற பிள்ளை சொல்றே. நீ சொல்றதுதான் சரியா இருக்கும்னு நினைச்சேன். சரியா இருக்கணும்னுகூட நினைச்சேன். பணம் கட்டிப் படிக்க வைக்கிறோமே! டயர்ல ஒரு சொட்டு ஈரச் சுண்ணாம்பு வெச்சு, கடைத் தரையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டினேன். நீ சொன்ன மாதிரி அந்த எடமும் ஓடிக்கிட்டே இருந்தா, சுண்ணாம்பு தரையில தீத்தலா, கோடா இழுபட்டு விழணும் இல்லையா? விழலை. புள்ளி புள்ளியாத்தான் விழுந்துது. பொட்டு வெச்ச மாதிரி."

நான் பேசாமல் இருந்தேன். ரோபர்வாலும் டாரிசெல்லியும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ராத்திரி, சாத்திய கடைக்குள், அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தம்பி சொன்னது சரியாக இருக்க வேண்டுமே என்று சக்கரத்தை உருட்டிய மனிதர்தான் தெரிந்தார்.

"ஏன் அண்ணே அப்பவே சொல்லலை?"

"காலேஜுக்குத் திரும்பிப் போகப் போறவனைக் குழப்பக் கூடாதுன்னு விட்டுட்டேன். ஆனா ஒரே ஒரு கவலை இருந்துக்கிட்டே இருந்துது."

"என்ன கவலை?"

"அங்கே தப்புத் தப்பாச் சொல்லிக் கொடுக்கறாங்களோன்னு."

"அவங்க சரியாத்தான் அண்ணே சொல்லிக் கொடுத்தாங்க. நான்தான் தூங்கிட்டேன்" என்றேன்.

அண்ணன் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் கேட்டு மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். "என்ன பெரியப்பா?" என்றாள்.

"வா, ஒண்ணு காட்டறேன்" என்று அண்ணியின் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து வரச் சொன்னார். கழற்றி வைத்திருந்த பெரிய சக்கரத்தில், டயரின்மேல் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தார். திண்ணைச் சிமெண்டுத் தரையில் மெதுவாக உருட்டினார். வெள்ளைப் புள்ளி மேலே எழுந்தது, வளைந்தது, அடிக்கு வரும்போது தயங்கி நேராகக் கீழே இறங்கிற்று, தரையைத் தொட்டது, மறுபடி நேராக மேலே எழுந்தது. மகள் இஞ்சு டேப்பை வைத்து இரண்டு பொட்டுக்களுக்கும் நடுவே அளந்து பார்த்தாள். 88 அங்குலத்துக்குச் சற்றுக் கூடக் குறைய இருந்தது. அண்ணன் அந்தப் பொட்டைக் காட்டி எனக்கும் அவளுக்குமாக ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இருட்டுகிறவரை சொன்னார். கதவுப் பலகை மாட்டும் நேரத்தில் அவர் பேசிக் கேட்டு எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன.

மறுநாள் காலையில் அண்ணி விளக்குமாற்றோடு திண்ணைக்கு வந்தாள். முதல் நாள்தான் கழுவி விட்டிருக்கிறாள். "யார் இங்கே பூராச் சுண்ணாம்பை வெச்சது?" என்று சத்தம் போட்டாள்.

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பிதான்" என்றார்.

நான் மறுக்கவில்லை.